24 பிட்டுக்கு மாறினா கூத்துப் பதிவுல இரைச்சல் போகுமா?

பென்னாகரத்தான்: எங்க ஊர்ப்பக்கம் பாரதக் கூத்தை விடிய விடிய 16 பிட்டில் (ஒலியோட ஒவ்வொரு அளவையும் 0, 1ன்னு 16 இலக்கத்துல எழுதுறது) பதிஞ்சேன். பீக், அதாவது உச்ச சத்தம், -12ல (ரெக்கார்டர் தாங்குற எல்லைக்கு 12 டெசிபல் கீழ) இருந்துச்சு. கட்டியக்காரன் தணிஞ்சு பேசுற இடத்துல வால்யூமைக் கூட்டினா பின்னாடி ‘ஸ்ஸ்ஸ்’னு ஒரே இரைச்சல். 24 பிட் ரெக்கார்டர் வாங்கிடட்டுமா?

காவேரிப்பட்டணம் ரசிகன்: யோசிக்காம வாங்குங்க. பதிவு தாங்குற உச்ச சத்தத்துக்கும் அதோட அடி இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி ஒரு பிட்டுக்கு 6 டெசிபல். 16க்கு 96, 24க்கு 144. இரைச்சல் அதல பாதாளத்துக்குப் போயிடும்.

ஓசூர் ஒலிக்காரன்: 144 பேப்பர்லதாங்க. மைக் சிக்னலை பிட்டா மாத்துற நல்ல கன்வெர்ட்டரே 120 பக்கம்தான் நிக்கும். அதை விடுங்க, ராத்திரி வெட்டவெளியே 40 டெசிபல்னு வைங்க. முகவீணையும் மத்தளமும் சேர்ந்து மைக்கிட்ட 100 தொட்டாலும் இடைவெளி 60தான். 16 பிட்டே தாராளம். அந்த ‘ஸ்ஸ்’ மைக்கிலயோ, மைக் சிக்னலைப் பெருக்குற ப்ரீஆம்ப்லயோ பிறந்து, பிட்டா மாறுறதுக்கு முன்னாடியே உள்ள வந்தாச்சு. 24ல பதிஞ்சா அதே இரைச்சல் இன்னும் துல்லியமா பதியும், அவ்வளவுதான்.

காவேரிப்பட்டணம் ரசிகன்: ஸ்டுடியோவுல உக்காந்து பேசுறீங்க. துரியோதனன் எப்ப கர்ஜிப்பான்னு யாருக்குத் தெரியும்? எல்லை தாண்டிச் சத்தம் உடைஞ்சு வெடிக்கக் கூடாதுன்னு பீக்கை -30ல வச்சா 16 பிட்ல மிச்சம் 66தானே?

ஓசூர் ஒலிக்காரன்: அதுக்கு 24 நல்லதுதான், மறுக்கல. ஆனா இவர் பீக் -12ல இருக்கு. பென்னாகரத்தாரே, கெயினை (ப்ரீஆம்ப் பெருக்குற அளவை) முழுசா இறக்கிக் கொஞ்சம் பதிஞ்சு, அதே வால்யூமில் கேளுங்க.

பென்னாகரத்தான்: கேட்டேன். இரைச்சல் காணோம்.

ஓசூர் ஒலிக்காரன்: பிட்டோட இரைச்சல்னா கெயினை இறக்கினாலும் அப்படியே இருந்திருக்கும். அப்ப பிட் மேல பழி போடாதீங்க. மைக்கைக் கிட்ட கொண்டு போங்க. தூரம் பாதியானா வெட்டவெளியில 6 டெசிபல் கூடும். ஒரு பிட் சும்மா கிடைச்ச மாதிரி.

தீர்த்தமலை: எங்கப்பா வச்சிருக்க கூத்துக் கேசட்டுக்கு 60 டெசிபலே தேறாது. இன்னைக்கும் வீட்டுல அதைத்தான் போடுறாங்க.

காவேரிப்பட்டணம் ரசிகன்: மரக்கட்டை அணிகலன் பூட்டின கட்டை வேஷக்காரர் சுத்தி ஆடும்போது கிட்ட வச்ச மைக் மிஞ்சுமா?

ஓசூர் ஒலிக்காரன்: கீழ ஏன் வைக்கணும்? பந்தல் மூங்கில்ல கட்டித் தொங்கவிடுங்க.

காவேரிப்பட்டணம் ரசிகன்: தொங்கவிட்டாலும் நான் 24தான். 8 மணி நேரம் ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ்ல 16 பிட்டுக்கு 5.5 ஜிபி, 24க்கு 8.3. கார்டு விக்கிற விலைக்கு இதுல என்ன கஞ்சத்தனம்?

பென்னாகரத்தான்: ரெக்கார்டர் அப்புறம். முதல்ல நீளமா ஒரு மைக் கேபிள் வாங்குறேன்.