கன்சியூமர் யூனிட்டுக்கு ‘நுகர்வோர் அலகு’ சரி வருமா?

குழுவில இரிக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

லண்டனில இரிக்கிற தம்பி அங்க குடுக்கிற துண்டுப்பிரசுரம் ஒண்ட அனுப்பி, அண்ணா இதத் தமிழில எழுதித் தாங்க, மட்டக்களப்புக் கல்லடியில அம்மாட வீட்டு வயரிங் மாத்தக்குள்ள வேலைக்கு வாற பொடியனுக்குக் காட்டலாம் எண்டான், நானும் ஓம் எண்டு ஒத்துக்கொண்டு தலைப்பிலயே மாட்டிட்டன். கன்சியூமர் யூனிட், வீட்டுக்கு வாற கரண்டப் பிரிச்சு விடுற பெட்டி. இதுக்கு என்ன தமிழ் போடுற? போன கிழம இஞ்ச கேட்டதுக்கு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க.

> நேரடியா ‘நுகர்வோர் அலகு’ எண்டு போட்டா விசயம் முடிஞ்சுது.

முடியல்ல அண்ணே. எங்கட கரண்ட் பில்லில அலகு எண்டா யூனிட், மாசம் எவ்வளவு எரிச்ச எண்ட கணக்கு. அம்மாட்ட சும்மா கேட்டுப் பாத்தன், நுகர்வோர் அலகு எண்டா என்னம்மா எண்டு. “ஏன் மனே, இந்த மாசம் தொண்ணூறு தாண்டிட்டா?” எண்டு பதறிட்டா.

> மின்பகிர்வுப் பெட்டி.

இது பிழையில்ல, ஆனா அகலம் கூட. ஆஸ்பத்திரியில அலுமாரி அளவுக்கு நிக்கிற மூணு பேஸ் போர்டும் மின்பகிர்வுப் பெட்டிதான். இது அப்பிடியில்ல, வீட்டுப் பெட்டி. கரண்ட் போனா விசயம் தெரியாத ஆளும் டோர்ச் அடிச்சிப் போய் சுவிட்ச மேல தள்ளி விடுற பெட்டி, மெயின் சுவிட்ச், எர்த்துக்குக் கரண்ட் கசிஞ்சா விழுற ட்ரிப் சுவிட்ச், லைட்டுக்கு ஒண்டு பிளக்குக்கு ஒண்டு எண்டு கரண்ட் கூடினா விழுற பிரேக்கர் வரிசை, நியூட்ரல் பார், எர்த் பார் எல்லாம் ஒரே கூட்டுக்குள்ள. அந்த வித்தியாசத்துக்காகத்தான் இங்கிலீசுக்காரன் தனிப் பேர் வச்சிரிக்கான்.

சொல்லுக்கு முதல் பெட்டியப் பத்தி ரெண்டு கதை சொல்லணும், இல்லாட்டி நான் எங்க வாறன் எண்டு விளங்காது.

அம்மாட வீட்டில இரிக்கிறது பழைய பிளாஸ்டிக் பெட்டி. போன மாசம் மூடியக் கழட்டினா கருகின மணம். நியூட்ரல் பாரில ரெண்டாவது ஸ்க்ரூ வெறும் விரலாலயே சுத்துது, அதுக்கு நேர மேல பிளாஸ்டிக் பிளேன்டீ நிறத்தில வழிஞ்சி, ஒரு பொத்தான் அளவுக்கு உருண்டு தொங்குது. ட்ரிப் சுவிட்ச் ஒரு நாளும் விழல்ல. ஏன் விழும்? ஸ்க்ரூ லூசா இரிந்தா அந்த இடம் கொதிக்கும், பொறியும், ஆனா லைனில ஓடுறது வழமையான கரண்ட்தானே, பிரேக்கருக்குக் கூடுதலா ஒண்டும் தெரியாது, எர்த்துக்கும் ஒண்டும் கசியல்ல எண்டதால ட்ரிப் சுவிட்சுக்கும் தெரியாது. ரெண்டு காவல்காரரும் முழிச்சிக்கொண்டு நிக்க வீடு எரியும்.

அதாலதான் பிரித்தானியாவில வயரிங் விதிகளுக்கு (BS 7671) 2015இல வந்த திருத்தத்தோட, 2016 ஜனவரி 1 தொடக்கம் வீடுகளுக்குப் புதுசாப் பூட்டுற பெட்டியிட கூடு எரியாத பொருளால இரிக்கணும், இல்லாட்டி பெட்டி அப்பிடியான கூட்டுக்குள்ள இரிக்கணும் எண்டாங்க. சொல்லக் கவனிங்க, ‘எரியாத’. இரும்பு அதுக்கு ஒரு உதாரணம் எண்டுதான் விதியில இரிக்கு. நான் முதல் ‘தீக்காப்புப் பெட்டி’ எண்டு எழுதி வெட்டிட்டன், தீக்காப்பு எண்டா வீடு பத்தினாலும் பெட்டி தப்பும் எண்ட மாதிரி. ‘எரியாக் கூடு’ போதும். உள்ளுக்குப் பத்தினா வெளிய வர விடாது, அவ்வளவுதான் அதிட வேல.

இப்ப மற்றக் கத. தம்பிட பிரசுரத்த அப்பிடியே மொழிபெயர்த்தா எங்கட ஆக்களுக்கு ஆபத்து. அங்க கனக்க வீடுகளுக்கு எர்த்தையும் கரண்ட் குடுக்கிறவனே குடுப்பான், லைவ் வயர் இரும்புக் கூட்டில பட்டா பெரிய கரண்ட் ஓடி பியூஸ் பட்டெண்டு போயிடும். எங்கட வீட்டு எர்த் முத்தத்தில நாமளே அடிச்ச கம்பி. கல்லடி மணலில கோடையில அது எப்பிடி இரிக்கும் எண்டு யோசிங்க. நல்ல கம்பி, 50 ஓம் எண்டே வைப்பம். 230ஐ 50ஆல பிரிச்சா 4.6 ஆம்பியர். 30 ஆம்பியர் பியூஸ் அசையாது. மீட்டரில இரிந்து வாற வயர் ட்ரிப் சுவிட்சுக்கு முன்னால கூட்டில பட்டா ட்ரிப் சுவிட்சுக்கும் அது தெரியாது. பெட்டி கிட்டத்தட்ட 230 வோல்ட்டில நிக்கும், அந்த எர்த் வயர் போற பிரிஜ், அயன், வாட்டர் மோட்டர் எல்லாம் சேந்து நிக்கும்.

அதுக்காக இரும்பு வேணாம் எண்டு சொல்லல்ல. உள்ள வாற மெயின் வயர் ரெண்டு தோல் உள்ளதா இரிக்கணும், ஓட்ட விளிம்பு அறுக்காம ரப்பர் புஷ் போடணும், வயர இழுத்தாலும் அசையாம கிளாண்ட் போட்டு இறுக்கணும். இல்லாட்டி முன்னுக்கே, பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள, கொஞ்சம் பிந்தி விழுற 100 மில்லிஆம்பியர் ட்ரிப் சுவிட்ச் ஒண்டு. உள்ளுக்கு ஆளக் காக்கிற 30 மில்லிஆம்பியர் எப்பிடியும் இரிக்கணும். பாவிக்காத ஓட்டையெல்லாம் அடைங்க, பல்லி போய்ப் படுக்கும். கடற்காத்துக்குக் கறள் பிடிக்கிற விசயமும் இரிக்கு, பெயின்ட் நல்லா ஏறின பெட்டியா எடுத்து வீட்டுக்குள்ள பூட்டணும், விறாந்தையில வேணாம்.

இனிச் சொல். பள்ளிக்கூடத்தில சுவிட்சுக்கு ஆளி, பியூசுக்கு உருகி எண்டெல்லாம் படிச்சம். கடைக்குப் போய் ஆளி ஒண்டு தாங்க எண்டு கேட்ட ஆள நான் இன்னும் காணல்ல. உருகி பரவாயில்ல, உருகிறது கண்ணுக்குத் தெரியிது. அப்ப இந்தப் பெட்டி கண்ணுக்கு என்னமாத் தெரியிது? ஒரு பெரிய வாய்க்கால் வருகுது, வரிசையா அடைப்பு, ஒவ்வொரு வயலுக்கும் ஒவ்வொண்டு, எது உடைஞ்சாலும் அத மட்டும் அடைக்கலாம். மடை. அதால ‘மடைப்பெட்டி’ எண்டு வைப்பம் எண்டு கேக்கன்.

மறுமொழி:

தம்பி, உவமை வெகு நல்லம், ஆனா மடைப்பெட்டி எண்டா அம்மன் கோயிலுக்கு மடை, அதான் படையல், கொண்டு போற பெட்டி எல்லோ எங்கட ஆக்களுக்கு நினைவு வரும். சுவரில பூட்டினா கும்பிடத்தான் போறாங்க. காரைதீவில பிறந்த விபுலாநந்த அடிகள் 1930களில சென்னையில கலைச்சொல் ஆக்கத்துக்குத் தலைமை தாங்கினவர், விஞ்ஞானமும் தெரியும் தமிழும் தெரியும். அந்த ரெண்டும் சேராம சொல் ஆக்கினா இப்பிடித்தான் கோயிலுக்குள்ள போய் முடியும். பெட்டிய எடுத்துப் போட்டு ‘மின்மடை’ எண்டு பாருங்க.

மறுமொழிக்கு மறுமொழி:

சேர், நல்லா வாங்கிக்கட்டினன். மின்மடை எனக்குச் சரி. அப்ப ‘மின்மடை’ பெட்டி முழுக்க, ‘மடைக்கூடு’ வெளி உடம்பு, பிரசுரத் தலைப்பு ‘எரியாக் கூட்டு மின்மடை’. முதல் தடவ வாற இடத்தில மட்டும் “டிபி போக்ஸ் எண்டு கடையில சொல்றது” எண்டு பக்கத்தில எழுதுறன், வேலைக்கு வாற பொடியன் வேற சாமான வாங்கிக்கொண்டு வந்து நிக்கக் கூடாது.

இன்னும் ஒண்டு பாக்கி இரிக்கு. ஓட்ட விளிம்பில போடுற அந்த ரப்பர் புஷ். ‘விளிம்புறை’ எண்டு எழுதி வச்சிரிக்கன், வாயில நல்லாப் படல்ல. ஆருக்காவது வேற ஏதும் தோணுதா?