யோனாவின் கோபத்துக்குக் காரணம் என்ன?

கேள்வி: ஞாயிறு பள்ளி ஆசிரியர்

எங்கள் சபையில் மூத்த மாணவர்களுக்குப் பழைய ஏற்பாட்டிலுள்ள யோனாவின் புத்தகத்தை நடத்தி வருகிறேன். அசீரியரின் நகரமான நினிவேக்குப் போய் எச்சரிக்கும்படி தேவன் அனுப்பியபோது யோனா தர்ஷீசுக்குக் கப்பலேறி ஓடுகிறார்; கடலில் போடப்பட்டு, மீனின் வயிற்றிலிருந்து மீண்ட பிறகே நினிவேக்குப் போகிறார். நான்காம் அதிகாரத்துக்கு வந்தபோது மாணவி ஒருத்தி, "நினிவே மனந்திரும்பியதைக் கண்டு தீர்க்கதரிசி ஏன் கோபப்பட வேண்டும்?" என்று கேட்டாள். அசீரியருக்கு அஞ்சித்தான் அவர் தர்ஷீசுக்கு ஓடினார் என்று சொல்வது வழக்கம். ஆனால் அச்சமே காரணமென்றால், ஆபத்து நீங்கிய பின்னும் அவர் சாவை விரும்புவானேன்? தேவனுடைய இரக்கத்தைப் பற்றி இந்த அதிகாரம் என்ன கற்பிக்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி: பழைய ஏற்பாட்டு மாணவர்

ஓடியதற்கான காரணத்தை யோனாவே 4:2இல் சொல்லிவிடுகிறார். தேவன் இரக்கமும் நீடிய சாந்தமும் உள்ளவர், தீங்கு செய்யாமல் மனமிரங்குவார் என்பதை முன்னமே அறிந்திருந்ததால்தான் தப்பியோட முற்பட்டதாக ஜெபத்திலேயே முறையிடுகிறார். அவை சீனாய் மலையில் மோசேக்கு அறிவிக்கப்பட்ட சொற்கள். இஸ்ரவேல் தலைமுறை தலைமுறையாகப் பற்றிக்கொண்ட அந்த ஆறுதலையே அவர் குற்றச்சாட்டாகத் திருப்புகிறார்.

2 இராஜாக்கள் 14ஆம் அதிகாரத்தையும் மாணவர்களோடு வாசியுங்கள். அங்கே இரண்டாம் யெரொபெயாம் பொல்லாப்பானதைச் செய்த ராஜா என்று எழுதிய கையோடு, அவன் இஸ்ரவேலின் எல்லைகளை மீட்டுக்கொண்டான் என்றும், கர்த்தர் அதை அமித்தாயின் குமாரனாகிய யோனாவைக் கொண்டே சொல்லியிருந்தார் என்றும் காண்கிறோம். தகுதியற்ற தன் ஜனத்துக்குக் கிடைத்த இரக்கத்தை அறிவிக்க அவர் தயங்கியதாக எந்தக் குறிப்பும் இல்லை. நினிவே என்றதும் எழுந்து ஓடுகிறார். மீனின் வயிற்றில் தனக்குக் கிடைத்த மீட்புக்காக நன்றிப் பாடல் பாடியவரும் இவரேதான்.

புறஜாதியாரான கப்பற்காரர்களைப் பாருங்கள். தன்னைக் கடலில் போட்டால் கொந்தளிப்பு அமரும் என்று யோனா சொன்ன பிறகும், முன்பின் அறியாத அந்த ஒருவனைக் காப்பாற்றக் கரைசேரும்படி அவர்கள் வருந்தித் தண்டுவலிக்கிறார்கள். ஒரு நகரத்தையே அழியவிட விரும்பிய தீர்க்கதரிசிக்கு அருகில் அவர்களை நிறுத்திப் பார்த்தால், ஆசிரியர் அவர்களுக்கு இத்தனை வசனங்களை ஒதுக்கியது ஏன் என்பது விளங்கும்.

மறுமொழி: வரலாற்று வாசகி

யோனாவின் மனக்கசப்பை எளிதாக ஒதுக்கிவிடக் கூடாது என்று நினைக்கிறேன். யூதாவின் லாகீஸ் நகரத்தை அசீரிய ராஜா சனகெரிப் முற்றுகையிட்டுப் பிடித்ததைக் காட்டும் புடைப்புச் சிற்பங்கள் நினிவேயில் அவனுடைய அரண்மனைச் சுவரில் இருந்து, இப்போது லண்டனில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளன; அவற்றில் கழுவேற்றப்பட்ட மனிதர்களையும் உயிரோடு தோலுரிக்கப்படும் கைதிகளையும் காணலாம். கி.மு. 701இல் நடந்த அந்த முற்றுகை யோனாவின் காலத்துக்குப் பிற்பட்டதுதான். ஆயினும் அசீரியா எப்படிப்பட்ட வல்லரசு என்பதற்கு அது சான்று. கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா வீழ்ந்ததும் அசீரியரிடமே. அப்படியானால் பாதிக்கப்பட்டவர்களுக்கு நியாயம் எங்கே?

மறுமொழி: பழைய ஏற்பாட்டு மாணவர்

சகோதரி கேட்பது மிகவும் தேவையான கேள்வி. அதே நினிவேயைப் பற்றிப் பிற்காலத் தீர்க்கதரிசி நாகூம் பேசும்போது, கர்த்தர் நீடிய சாந்தமுள்ளவர் என்று தொடங்கி, குற்றவாளியைத் தண்டிக்காமல் விடமாட்டார் என்று முடிக்கிறார், நகரம் கி.மு. 612இல் அழிந்தது. ஆகவே இரக்கம் நியாயத்தை ரத்து செய்யவில்லை, மனந்திரும்ப இடமளித்தது. தன் தலைக்கு நிழல் தந்து வாடிப்போன ஆமணக்குச் செடிக்காகப் பரிதபித்த யோனாவிடம், வலதுகைக்கும் இடதுகைக்கும் வேறுபாடு அறியாத 1,20,000க்கும் மேற்பட்டவர்களையும் மிருகஜீவன்களையும் தேவன் சுட்டிக்காட்டுகிறார். அதற்கு யோனா அளித்த பதில் எழுதப்படவில்லை. வகுப்பில் யோனா 4ஐயும் நாகூம் 1ஐயும் அடுத்தடுத்து வாசிக்கவைத்து, அந்தப் பதிலை மாணவர்களையே எழுதச் சொல்லலாம்.