அம்மாவை ஏத்திக்கொண்டு ஓட பழைய பைக், எது நல்லம்?

கடற்கரை ரோட்டு:
அண்ணாமார், நான் கொழும்பு வெள்ளவத்தை. 4 லட்சத்துக்குள்ள ஒரு பழைய பைக் தேடுறன். ஸ்பீட் தேவையில்ல, முக்கால்வாசி ஓட்டம் அம்மாவை ஏத்திக்கொண்டுதான், பொரளைப் பக்கம் கிளினிக், வெள்ளிக்கிழமையில பம்பலப்பிட்டி கோயில். அவவுக்கு 62 வயசு, முழங்கால் நோ, சாறியோட ஒரு பக்கமாத்தான் இருப்பா. போன மாசம் மச்சானிட ஸ்ப்ளிட் சீட் (முன் சீட்டும் பின் சீட்டும் வேற வேறயா இருக்கிற) பைக்கில கூட்டிக்கொண்டு போனன், பின்சீட் உயரம், பிடிக்க ஒண்டும் இல்ல, பிரேக் அடிக்கேக்க எல்லாம் என்ர முதுகில வந்து முட்டினா, இறங்கேக்க கை நடுங்கிக்கொண்டு இருந்தது, ஆனா வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்ல. அது இன்னும் மனசுக்குள்ள நிக்குது. பல்சர் 150, டிஸ்கவர் 125, பிளாட்டினா மூண்டும் யோசிச்சு வச்சிருக்கிறன். எது எடுக்கலாம்?

பஞ்சிகாவத்தை நானா:
தம்பி, மொடலுக்கு முன்னால பின் ஷொக்க, அதான் குலுக்கல் தாங்குற ஸ்பிரிங்கப் பாருங்க. நீங்க சொன்ன மூணுக்கும் அனேகமா பின்னால ரெண்டு ஷொக் தான், பார்ட்ஸ் இங்க தாராளமா ஈக்கி. சீட்டு வால்ல கைய வச்சி நல்லா அமுக்கி விடுங்க, ஒருக்கா எழும்பி நிக்கணும், ரெண்டு மூணு தரம் ஆடிச்செண்டா உள்ளுக்கு போய்ட்டு. கம்பியில எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அதே கதை தான். ஷொக்குக்குக் கீழ ஸ்பிரிங்க இறுக்குற ரிங் ஒண்டு ஈக்கி, பின்னால ஆள் ஏத்தினா அத ஒண்டு ரெண்டு படி கூட்டணும், ஆனா கனபேர் வருசக் கணக்குல தொடாம விட்டு துருப்பிடிச்சி இறுகிப் போயிருக்கும், அதனால வாங்க முந்தியே திருப்பிப் பாத்துருங்க. பொறவு சென்டர் ஸ்டாண்ட்ல போட்டு பின் டயரப் பிடிச்சி ரெண்டு பக்கமும் ஆட்டுங்க, டக் டக் எண்டு ஆடினா புஷ் இல்லாட்டி பெயாரிங் தேஞ்சிட்டு. இதெல்லாம் சரி எண்டா வயசான ஆளுக்கு நான் பிளாட்டினா தான் சொல்லுவன், சீட் நீளம், மெத்து, ஷொக்கும் நல்லா இறங்கி எழும்பும். பல்சர் பாரம், ட்ராஃபிக்ல அம்மா ஏறி இறங்கேக்க நீங்க தான் தாங்கிப் பிடிக்கணும்.

மழைக்கோட்:
நான் 9 வருசமா பின்னுக்கு இருந்து போற ஆள், அதால எழுதுறன். அம்மா ஒரு பக்கமா இருக்கிறா எண்டா இடப்பக்கம் சாறி சில்லுக்குள்ள போகாம மறைக்கிற சாறி கார்ட், அதில கால் வைக்கிற தட்டு, பிடிக்க கம்பி, இந்த மூண்டும் இல்லாத பைக்கை எடுக்கவே வேண்டாம். இந்த பைக்குகளுக்கு செயினும் அந்தப் பக்கம்தான், முழுக்க மூடின கவர் இருக்கோணும். எனக்கு தெகிவளை மேம்பாலத்துக்குக் கிட்ட முந்தானை சில்லுக்குள்ள போனது, பைக் ஓடினவர் உடன நிப்பாட்டினபடியால் தோளில உரஞ்சினதோட தப்பினன், இண்டைக்கும் ஏறி இருந்த உடன கை தானா முந்தானையைத்தான் தேடும். ஏலுமெண்டா அம்மாவோட கதைச்சு சல்வார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு இருக்கச் சொல்லுங்கோ, அதுதான் பாதுகாப்பு. பைக் பாக்கப் போகேக்க அவவையும் கூட்டிக்கொண்டு போங்கோ, இருக்கப் போறது அவதானே.

கொட்டாஞ்சேனை 13:
2020 மார்ச்சில வாகன இறக்குமதிய நிப்பாட்டி 2025 பெப்ரவரியிலதான் திரும்ப விட்டாங்க, அதனால உங்க காசுக்கு வாறது அனேகமா அதுக்கு முந்தின பைக்தான், ஓடின தூரம் காட்டுற மீட்டர நம்பாதீங்க. சி.ஆர் புத்தகத்துல, அதான் வாகனப் பதிவுப் புத்தகத்துல, அப்சலூட் ஓனர்னு (முழு உரிமையாளர்) லீசிங் கம்பெனி பேர் இருந்தா அந்தப் பேர நீக்கிட்டு வரச் சொல்லுங்க. செசி நம்பரயும் என்ஜின் நம்பரயும் நீங்களே புத்தகத்தோட ஒப்பிட்டுப் பாருங்க. ஓப்பன் பேப்பர்ல, அதாவது பேர் மாத்தாம வெறும் கையெழுத்துப் பேப்பரோட வாங்கி எங்க சித்தப்பா ரெண்டு வருசம் பழைய ஓனரத் தேடி அலைஞ்சார்.

கடற்கரை ரோட்டு:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவோட போய் ஒண்டு பாத்தம். ரிங் அசையவே இல்ல, ஒரு ஷொக்கில எண்ணெய், அம்மா ஏறி இருந்திட்டு "கால் தொங்குது தம்பி" எண்டா. விட்டிட்டன். ஞாயிற்றுக்கிழமை நுகேகொடையில ஒரு பிளாட்டினா, சாறி கார்ட் இருக்காம். சல்வார் விசயம் மெல்லமாக் கேட்டன், தங்கச்சியிட்ட ஒண்டு வாங்கிப் போட்டுப் பாக்கிறன் எண்டவ.