உதவி: பழைய 135 மிமீ லென்ஸில் மட்டும் படம் ஆடுகிறது

கேள்வி: என்னுடையது பாடியிலேயே ஸ்டெபிலைசேஷன் (கை ஆட்டத்துக்கு ஏற்ப சென்சாரை நகர்த்தி ஈடுகட்டும் வசதி) உள்ள ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமரா. 50 மிமீ லென்ஸில் 1/15 நொடியிலும் கையில் பிடித்தே தெளிவாக எடுக்க முடிகிறது. அடாப்டர் போட்டு மாட்டிய பழைய மேனுவல் 135 மிமீயில் 1/60-லேயே எல்லாம் இழுபட்டு வருகிறது. ட்ரைபாடில் வைத்தால் ஷார்ப்பாக இருக்கிறது, அதனால் ஃபோகஸ் காரணமில்லை. சென்சார் யூனிட் போய்விட்டதா?

பதில் 1: அடாப்டரில் மின் தொடர்பு இருக்கிறதா, வெறும் உலோக வளையமா?

கேட்டவர்: வெறும் வளையம்தான்.

பதில் 1: அப்போ சர்வீசுக்குத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். சென்சார் எவ்வளவு நகர வேண்டும் என்பது குவியத் தூரத்தை (லென்ஸில் எழுதியிருக்கும் 50, 135 போன்ற மிமீ எண்ணை) பொறுத்தது. புது லென்ஸ் அதைத் தானே சொல்லிவிடும், இது ஊமை. ஸ்டெபிலைசேஷன் மெனுவில் ஆட்டோவை மேனுவலாக்கி 135 என்று கொடுங்கள். குறைவாகக் கொடுத்தால் ஆட்டம் மிஞ்சும். அதிகமாகக் கொடுத்தால் சென்சார் எதிர்ப்பக்கம் ஓடி அதுவே படத்தைக் கெடுக்கும். ஏபிஎஸ்-சி (ஃபுல் ஃபிரேமைவிடச் சிறிய சென்சார்) பாடி வைத்திருப்பவர்களும் 1.5-ஆல் பெருக்காமல் லென்ஸில் எழுதியிருப்பதையே கொடுக்கலாம்.

கேட்டவர்: 135 கொடுத்தேன், 1/60-இல் சரியாக வருகிறது. நன்றி! அடுத்து 300 மிமீ வாங்கும் எண்ணம். ஸ்டெபிலைசேஷன் பாடியில்தான் இருக்கிறதே, லென்ஸிலும் தேவையா?

பதில் 2: 300-க்கு நான் தேவை என்றுதான் சொல்வேன். கை அரை டிகிரி அசைந்தால் 50 மிமீயில் பிம்பம் சென்சாரில் 0.44 மிமீதான் நகரும். 300-இல் அதே அசைவுக்கு 2.6 மிமீ. அவ்வளவு தூரம் சென்சார் ஓட இடம் வேண்டுமே! லென்ஸுக்குள் இருக்கும் கண்ணாடித் தொகுதியை அந்த லென்ஸுக்கென்றே வடிவமைப்பதால், அது கொஞ்சம் நகர்ந்தாலே போதும். ஆனால் கேமரா சக்கரம்போலச் சுழலும் ஆட்டத்தை லென்ஸால் திருத்தவே முடியாது, அது சென்சார் வேலை. அதனால்தான் இரண்டையும் சேர்ந்து இயங்க வைக்கிறார்கள். வாங்கும் முன் உங்கள் பாடியோடு அந்த லென்ஸ் அப்படிச் சேர்ந்து இயங்குமா என்று பாருங்கள்.

ஃபிலிமை நகர்த்த வழியில்லாததால் லென்ஸ் முறைதான் முதலில் வந்தது. மாற்றிப் பொருத்தும் லென்ஸ்களில் 1995-இல் கேனான் 75-300 மிமீ. சென்சாரை நகர்த்திய மினோல்டா டிமாஜ் ஏ1 வந்தது 2003-இல்.

பதில் 3: 300 வாங்குவது பறவைக்கா? பறக்கும் சிறகின் அசைவை பாடி, லென்ஸ் இரண்டின் ஸ்டெபிலைசேஷனும் நிறுத்தாது. அதற்கு 1/1000-க்கு மேல் ஷட்டர்தான், ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவை) தயங்காமல் ஏற்றுங்கள்.