பதில்: கல்லாயுதக் 'கோர்': கருக்கல்லா, தாய்க்கல்லா?

> 'கோர்' என்பதைக் 'கருக்கல்' என்றே வைத்துவிடலாமே. கரு + கல். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் ஐயா. கல்லாயுத ஆய்வில் வரும் 'கோர்' (core) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத்தான் தமிழ் தேடுகிறோம். 'கருக்கல்' சுருக்கம்தான். ஆனால் 'கருக்கலில் சில்லு பெயர்த்தார்கள்' என்று எழுதினால், பொழுது புலருமுன்னே எழுந்து வேலை பார்த்தார்கள் போலிருக்கிறது என்று படிப்பவர் நினைத்துக்கொள்வார். இதற்கே முன்பு ஒருவர் சொன்ன 'நடுக்கல்' (நடு + கல்) இன்னும் வம்பு. ஒரு ஒற்றைத் தவறவிட்டால் வீரனுக்கு நட்ட கல்லாகிவிடும்.

அதைவிட, பொருளே இடிக்கிறது. இந்தக் 'கோர்' எதற்கும் உள்ளே இருப்பது அல்ல. சுத்தியல்கல்லால் ஒரு கல்லின் ஓரத்தில் தட்டினால் சில்லு தெறித்து விழுமில்லையா, எதிலிருந்து பெயர்ந்ததோ அந்தக் கல்தான் இது. சில்லின் உட்புறத்தைத் தடவிப் பார்த்தால், அடி விழுந்த இடத்துக்குச் சற்றுக் கீழே சின்னப் புடைப்பு ஒன்று தட்டுப்படும். அதற்கு நேர் இணையாகக் கல்லில் ஒரு குழி. கென்யாவின் லொக்கலாலேயில், ஏறத்தாழ 23 லட்சம் ஆண்டு பழைய சில்லுகளைப் பெயர்ந்த இடத்திலேயே திரும்பப் பொருத்தி, எந்த அடிக்குப் பின் எந்த அடி என்று வரிசையையே கண்டிருக்கிறார்கள். பிள்ளை தாயிடம் திரும்பிய கதை! அதனால் என் பரிந்துரை: தாய்க்கல். குழிக்குப் புதுச்சொல் வேண்டாம், 'வடு' போதும்.

> மண்ணியலில் 'தாய்ப்பாறை' இருக்கிறதே, குழம்பாதா? 'கருவிக்கல்' எப்படி?

குழம்பாது அம்மா. அது சிதைந்து மண்ணாகும் பாறை, இது கையில் அடங்கும் கல். 'கருவிக்கல்' மட்டும் வேண்டாம். தான்சானியாவின் ஓல்டுவாய்ப் பள்ளத்தாக்கால் பெயர்பெற்ற, மிகப் பழைய 'ஓல்டுவாய் வகை'க் கல்லாயுதங்களில் ஓரம் உடைந்த கனத்த உருண்டைகளை முதலில் வெட்டுக்கருவி என்றே வகைப்படுத்தினார்கள். தொல்லியலாளர் நிக்கோலஸ் டாத் 1980களில் தானே கல் தட்டிப் பார்த்துவிட்டு, வேண்டியிருந்தது சில்லுகள்தான், அந்த உருண்டைகளில் பல வெறும் மிச்சம் என்றார். பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் இதையெல்லாம் எப்படிப் பேசுவது?

> சரி, தாய்க்கல்லே இருக்கட்டும். அப்புறம் கைக்கோடாரியும் தாய்க்கல்தானா? அதிலிருந்தும் சில்லு பெயர்க்கிறார்களே.

நல்ல பிடி. அங்கே கல்லுக்கு வடிவம் கொடுப்பதுதான் வேலை, சில்லுகளில் பெரும்பாலானவை கழிவு. ஆகவே கைக்கோடாரியை அப்படியே விட்டுவிடுவோம். அந்தக் கழிவுச் சில்லுக்குத்தான் சொல் அகப்படவில்லை. 'சிராய்' மரத்துக்குச் சரி, கல்லுக்கு ஒட்டவில்லை. இப்போதைக்கு 'உதிரி' என்று குறித்து வைத்திருக்கிறேன், அதுவும் அரை மனதோடுதான்.