ஆசிய மல்யுத்தம்: காலிறுதியில் தோற்றவருக்கு வெண்கலம் எப்படி?

புதுரசிகை:
2020 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த ஆசிய சாம்பியன்ஷிப் போட்டிகளை இப்போதுதான் ஒவ்வொன்றாகப் பார்த்து வருகிறேன். பெண்கள் 53 கிலோவில் வினேஷ் போகத் காலிறுதியில் ஜப்பானின் மாயு முகைதாவிடம் தோற்றார். கதை முடிந்தது என்று நினைத்தேன். பார்த்தால், அதே நாளில் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் வியட்நாம் வீராங்கனையை 10-0 என்று வீழ்த்திவிட்டார்! தோற்றவர் மறுபடி எப்படி உள்ளே வந்தார்? இது ஆறுதல் பரிசு மாதிரியா?

கபடிப்பிரியன்:
அதற்கு ரெப்பசாஜ் என்று பெயர். நம்மைத் தோற்கடித்தவர் ஃபைனலுக்குப் போனால் நமக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. விவரம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது, பி.டி. டீச்சர் வந்து சொல்வார்.

பிடி_டீச்சர்:
ஆறுதல் பரிசு என்று மட்டும் சொல்லாதீர்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் சொல்லித் தருகிறவள் நான், அந்த வார்த்தையைக் கேட்டாலே மனசு வலிக்கும்.

தரவரிசையில் மேலே இருக்கிற சிலரைத் தவிர, யார் யாரோடு மோதுவது என்பதைக் குலுக்கல்தான் முடிவு செய்கிறது. அந்தப் பிரிவிலேயே பலசாலியான ஆள் உங்களுக்கு முதல் ஆட்டத்திலேயே வந்து நிற்கலாம். பக்கத்துக் கட்டத்தில் உங்களைவிடச் சுமாரான ஒருவர் சுலபமாக அரையிறுதி வரை போய்விடுவார். அதைச் சரிசெய்யத்தான் ரெப்பசாஜ். ஃபைனலுக்கு வந்த இருவரிடமும் வழியில் தோற்றவர்களைத் தனித்தனியாக இரண்டு வரிசையாகப் பிரிப்பார்கள். ஒவ்வொரு வரிசையிலும் முதலில் தோற்றவர்கள் தங்களுக்குள் மோத வேண்டும். அதில் ஜெயித்து வருகிறவர், அரையிறுதியில் தோற்றவரோடு வெண்கலத்துக்கு மோதுவார். இரண்டு வரிசை, அதனால் இரண்டு வெண்கலம்.

வினேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019-இல் சீனாவின் சீயான் நகரில் நடந்த ஆசியப் போட்டியில் முகைதாவிடம் தோற்றார், பிறகு சீனாவின் பாங் சியான்யுவை 8-1 என்று வென்று வெண்கலம் வாங்கினார். அதே வருஷம் உலகப் போட்டியிலும் முகைதாதான் குறுக்கே வந்தார். ரெப்பசாஜில் அமெரிக்காவின் சாரா ஹில்டெப்ராண்டை வீழ்த்தி, அங்கேயும் வெண்கலம். மூன்றாவதுதான் நீங்கள் பார்த்த டெல்லி. அந்த முகைதாதான் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், ஃபைனலில் அவரிடம் தோற்றவர் இதே பாங். இப்படிப்பட்ட ஆட்களுக்கு நடுவில் நின்று வாங்கியதை ஆறுதல் என்று எப்படிச் சொல்ல முடியும்?

இதில் ரொம்பக் கஷ்டமானது காத்திருப்பு. உங்களைத் தூக்கிப் போட்டவர் அடுத்த ஆட்டத்திலும் ஜெயிக்க வேண்டும் என்று நீங்களே வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். மாவட்டப் போட்டிகளில் தோற்று வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது, "ஷூவைக் கழட்டாதே." அழுதுகொண்டே லேஸை அவிழ்க்கப் போவார்கள், கையைப் பிடித்து நிறுத்துவேன். ஜாக்கெட்டைப் போடு, உடம்பு ஆறக் கூடாது, வயிறு முட்டச் சாப்பிடாதே, அந்த மேட்டில் (மல்யுத்த விரிப்பில்) என்ன நடக்கிறது என்று பார். ஒரு பெண் இனி ஆட்டம் இல்லை என்று நினைத்து சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டாள், அரை மணி நேரத்தில் அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஆறு நிமிஷ ஆட்டத்தில் இரண்டாவது நிமிஷமே மூச்சு வாங்கிவிட்டது. திறமை இருந்தும் போனது. இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

புதுரசிகை:
நன்றி டீச்சர், நன்றாகப் புரிந்தது. நம்மை ஜெயித்தவர் அரையிறுதியில் தோற்றுவிட்டால்?

பிடி_டீச்சர்:
அவ்வளவுதான், கதவு மூடிவிடும். 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக்கைக் காலிறுதியில் வென்ற ரஷ்யாவின் வலேரியா கோப்லோவா ஃபைனலுக்குப் போனதால்தான் சாக்‌ஷிக்கு வழி திறந்தது. அப்புறம் வெண்கல ஆட்டத்தில் 0-5 என்று பின்தங்கி, 8-5 என்று ஜெயித்தது அவருடைய நெஞ்சுரம்.

மேட்டோரம்:
குத்துச்சண்டையில் அரையிறுதியில் தோற்ற இரண்டு பேருக்கும் ஆடாமலேயே வெண்கலம். அதைவிட இது நியாயம் என்பேன். ஆனால் டீச்சர், அதே டெல்லியில் 68 கிலோவில் திவ்யா கக்ரானுக்கு அரையிறுதியே இல்லையே?

பிடி_டீச்சர்:
ஐந்து பேர்தான் இருந்தார்கள். ஆறுக்குக் குறைந்தால் எல்லோரும் எல்லோரோடும் மோத வேண்டும், நார்டிக் முறை என்பார்கள். அங்கே ரெப்பசாஜுக்கு வேலை இல்லை. திவ்யா நாலு பேரையும் தோள் இரண்டும் மேட்டில் படும்படி அழுத்தி, ஃபாலில் ஜெயித்துத் தங்கம் வாங்கினார். அதில் ஒருவர் ஜப்பானின் ஜூனியர் உலக சாம்பியன் நருஹா மட்சுயுகி. புதுரசிகை, அடுத்து அந்த ஆட்டத்தைத் தேடிப் பாருங்கள்.