மூளைக் கட்டிக்கு போரான் நியூட்ரான் சிகிச்சை: வெளிநாடு போனவர்கள் அனுபவம்

ஓசாகா ராஜி:
அண்ணனுக்கு கிளையோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய். ஆபரேஷன், ரேடியேஷன், டெமோசோலோமைட் மாத்திரை எல்லாம் முடிந்தும் திரும்ப வந்துவிட்டது. நான் இங்கே இருப்பதால் பி.என்.சி.டி. என்கிற இந்த போரான் நியூட்ரான் சிகிச்சை ஆய்வில் சேர்க்கலாம் என்று அலைந்து அவனை வரவழைத்தேன். முதலில் போரான் பெட் ஸ்கேன். கட்டி போரான் மருந்தை இழுத்தால்தானே நியூட்ரான் பாய்ச்சிப் பலன்? டாக்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். எம்.ஆர்.ஐ.யில் எலுமிச்சை அளவுக்குப் பளிச்சென்று தெரிந்த இடம், இதில் சுற்றியிருந்த மூளையைவிடக் கொஞ்சம்தான் தூக்கல். அவர் வாயைத் திறக்குமுன் அண்ணன் என் பக்கம் திரும்பி, "குடிக்கல போலிருக்கேடி" என்றான். சேர்க்கவில்லை. டாக்டர் கொஞ்சம் மனம் வைத்திருக்கலாமோ என்று இன்னும் அரிக்கிறது.

தரமணி சேகர்:
மேடம், இதற்கு ஜப்பான் எதற்கு? புரோட்டான் கதிர்ச் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே இருக்கிறதே! மச்சான் பையனுக்கு மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக் கட்டி, இங்கேதான் கொடுத்தோம். சின்னப் பையன் என்பதால் மயக்கம் கொடுத்துத்தான் படுக்க வைப்பார்கள். வெளியே வரும்போது கன்னமெல்லாம் தலையை அசையாமல் பிடிக்கும் மாஸ்க்கின் வலைத்தடம். மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: வெளிநாட்டுக்குப் பணம் கட்டுமுன் இங்கே இரண்டு டாக்டரிடம் காட்டுங்கள். இன்ஷூரன்ஸில் வெளிநாட்டுச் சிகிச்சை உண்டா என்று எழுத்தில் வாங்குங்கள். நிலத்தை விற்காதீர்கள். ஏஜென்டை நம்பாதீர்கள். சர்க்கரையை அறவே நிறுத்துங்கள், கட்டிக்கு அதுதான் தீனி.

எஸ்போ குமார்:
சேகர் சார், புரோட்டான் வேறு, இது வேறு. புரோட்டான் குறித்த ஆழத்தில் நின்றுவிடும். ஆனால் அந்த இடத்தில் நல்ல செல், கெட்ட செல் என்று பார்க்காது. இதில் கட்டிக்குள் போன போரான்-10 நியூட்ரானைப் பிடித்ததும் உடைந்து ஆல்ஃபா துகள் கிளம்பும். அது ஒரு செல்லின் அகலத்தைத் தாண்டாது. போரான் போகாத கட்டியில் நியூட்ரான் பாய்ச்சினால் நல்ல மூளைக்குத்தான் சேதம். ராஜி, அந்த டாக்டர் செய்தது சரி. 2020இல் ஜப்பான் அனுமதி கொடுத்ததுகூட தலை-கழுத்துப் புற்றுநோய்க்குத்தான்.

என் நண்பனுக்கு 2010இல் இங்கே பின்லாந்தில், ஒட்டானியமி அணு உலையில் கொடுத்தார்கள். சர்க்கரை ஆகாது என்கிறீர்களே, அதை நிறுத்தினால் கட்டி பட்டினி கிடக்கும் என்பதற்கு ஆதாரமே இல்லை. அந்த போரான் மருந்து கரைவதற்கே ஃபிரக்டோஸ் சேர்த்துத்தான் ட்ரிப்ஸ் ஏற்றினார்கள். அப்புறம் தலையைக் கதிர் வரும் துவாரத்தோடு ஒட்டிப் பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள். கேமராவில் பார்த்தால், தலையை அசைக்கக் கூடாதவன் கால் கட்டைவிரலால் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். என்ன பாட்டு என்று நான் கேட்கவே இல்லை. 2012இல் அங்கே சிகிச்சையையே நிறுத்திவிட்டார்கள்.

தரமணி சேகர்:
ஃபிரக்டோஸ் பழச்சர்க்கரை சார். நான் சொன்னது வெள்ளைச் சர்க்கரை.